மூன்றாவது கன்வெர்ட்டர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரெஜினா என்ற மெக்கானிக்குக்கு ஒரு சீடர் இருந்தார். குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்தைந்து.

அவர் பெயர் தணிகாசலம். கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு மார்ச் மாதக் காலையில், 1996-ல் வாங்கிய கரும்பச்சை நிறக் காரை ஓட்டிக்கொண்டு ரெஜினாவின் ஷெட்டுக்கு வந்தார். புகை டெஸ்டில் வண்டி மறுபடியும் தோற்றிருந்தது. பதிவைப் புதுப்பிக்க இன்னும் ஏழு வாரம் இருந்தது. அதற்குள் பாஸ் ஆகாவிட்டால் வண்டி காயலான் கடைக்குத்தான் போகும்.

"ஏம்மா, புது கன்வெர்ட்டர் ஒண்ணு போட்டுக் குடு" என்றார்.

ரெஜினா தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போனாள். கையால் எதையோ இரண்டு முறை தட்டினாள். வெளியே வந்தாள்.

"இது எப்ப போட்டது சார்?"

"நாலு மாசம் ஆச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"போன வருஷம் ஒண்ணு."

"அப்ப இப்ப நீங்க கேக்கறது மூணாவது. எதுக்கு?"

"டெஸ்ட் பாஸ் ஆகணும்."

"அதைக் கேக்கல சார். முன்னாடி ரெண்டும் ஏன் போச்சு?"

"டூப்ளிகேட் சரக்கா இருக்கும்" என்றார் அவர். பிறகு குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. "கன்வெர்ட்டர்னா என்ன தெரியுமா? உள்ள இருக்கறது வினையூக்கி. பிளாட்டினம், பல்லேடியம். விஷப் புகை உள்ள போகும், நல்ல காத்தா வெளிய வரும். வினையூக்கி மட்டும் மாறாது, குறையாது. தான் மாறாம மத்ததை மாத்தும். முப்பது வருஷமா இதைத்தான் போர்டுல எழுதினேன். அது கெட்டுப்போச்சுன்னா பொருள் போலின்னு அர்த்தம்."

ரெஜினா வண்டியை மேலே தூக்கிக் கன்வெர்ட்டரைக் கழற்றினாள். கட்டிங் மெஷினை எடுத்து அதை நீளவாக்கில் அறுத்தாள். தீப்பொறி பறந்து அடங்கியது. இரண்டு பாதியையும் அவர் காலடியில் வைத்தாள்.

உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன துளைகள் இருக்க வேண்டும். அவர் வகுப்பில் படம் வரைந்து காட்டியிருக்கிறார். இங்கே பாதித் துளைகள் கரி அப்பி மூடியிருந்தன. மீதி உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

"போலி இல்ல சார். ஒரிஜினல்தான்" என்றாள் ரெஜினா. "உங்க இன்ஜின் ஆயில் குடிக்குது. குடிச்ச ஆயில் எரிஞ்சு புகையா இதுக்குள்ள வருது. எத்தனை மாசம் தாங்கும்?"

அவர் குனிந்து அந்தக் கரியை விரலால் தொட்டார்.

"வெளிய ஒண்ணும் தெரியலயே. ஒரு சத்தம்கூட வரல."

"கன்வெர்ட்டர் சத்தம் போடாது சார். உள்ளயே அடைச்சுக்கும்."

தணிகாசலம் கரி படிந்த விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "இன்ஜினைப் பிரிச்சா சரியாகுமா?"

"ஆகும்."

"நானே பிரிக்கணும். எனக்குச் சொல்லிக்குடுங்க."

"எதுக்கு சார் இந்த வயசுல? நான் பண்ணித் தரேன்."

"இந்த வண்டில போய் ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்மா. நானே பண்ணினதா இருக்கணும்."

ரெஜினா அவரை ஒருமுறை பார்த்தாள். ஆணியில் மாட்டியிருந்த பழைய காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் எட்டரை மணிக்கு வந்தார். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனார். போல்ட் எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்ஜினை இறக்கவே ஆறு நாள் ஆனது. பிஸ்டன்களில் படிந்த கரியைச் சுரண்டச் சொல்லி ரெஜினா ஒரு மர ஆப்பைக் கொடுத்தாள். மரத்தால் சுரண்டினால் லேசில் வரவில்லை. அவள் வெளியே போன நேரத்தில் அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்தவள் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஆழமாக நாலு கோடு விழுந்திருந்தது.

"இது ஆகாது சார். வேற வாங்கணும்."

"கோடுதானே? அதனால என்ன?"

"அந்தக் கோட்டு வழியா ஆயில் மேல ஏறும்."

"ஒரு கீறல்ல என்ன ஆயிடப் போகுது? உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு எதிர் கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டாள். அவசரப்படாமல் குடித்துவிட்டு வந்தபோது அவர் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். கோடு விழுந்த பிஸ்டன் மடியில் இருந்தது.

"இதே வார்த்தைதான்" என்றார்.

ரெஜினா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் மனைவி பேரு புனிதவதி. இந்த வண்டி வாங்கின அடுத்த வருஷம் டிரைவிங் கத்துக்கிட்டா. லைசென்ஸும் எடுத்தா. எங்க தெருவில கார் ஓட்டின முதல் பொம்பளை அவதான். ஒரு மாசம் ஓட்டினா. ஒருநாள் வண்டிய உள்ள விடும்போது கேட் தூண்ல கதவு லேசா உரசிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் வாசல்ல நிக்கறாங்க. நான் போய் சாவிய உருவிக்கிட்டேன். 'உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."

"அப்புறம்?"

"அப்புறம் அவ சாவியக் கேக்கவே இல்ல. நானும் குடுக்கல. இருபத்தேழு வருஷம் இடப்பக்க சீட்ல உக்காந்து வந்தா. நான் எது சொன்னாலும் சரின்னா. நல்ல குடும்பம்னு ஊரே சொல்லுச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவர் பிஸ்டனைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை. காஞ்ச துணியெல்லாம் மடிச்சு அடுக்கி வெச்சா. பையைத் தூக்கிக்கிட்டா. அரக்கோணத்துல தங்கச்சி வீடு. சண்டை எதுவும் இல்ல. வாசல்ல நின்னு 'போறேன்'னா. நாப்பது வருஷத்துல அவ ஒருநாளும் 'போயிட்டு வரேன்'னு சொல்லாம வாசப்படி தாண்டினதில்ல. எனக்கு அது உறைக்கவே ராத்திரியாச்சு."

ரெஜினா கேட்டாள். "வண்டியக் கொண்டு போனா வந்துடுவாங்களா?"

"சாவிய அவ கையில குடுக்கப் போறேன்."

ரெஜினா எழுந்தாள். "புது பிஸ்டன் நாளைக்கு வரும். மர ஆப்பை எடுங்க. மீதி மூணு இருக்கு."

வேலை ஐந்து வாரம் நடந்தது. ரிங் மாற்றினார்கள். வால்வ் சீல் மாற்றினார்கள். அவர் நகக்கண்ணெல்லாம் கறுத்து, வலது கட்டைவிரலில் தையல் போட வேண்டி வந்தது. இன்ஜினை ஏற்றி, ஓட விட்டு, மூன்று நாள் ஆயில் அளவைப் பார்த்தார்கள். குறையவில்லை. அதன் பிறகுதான் ரெஜினா மூன்றாவது கன்வெர்ட்டரை வாங்கி வரச் சொன்னாள். அதையும் அவரே படுத்துக்கொண்டு மாட்டினார்.

டெஸ்டில் வண்டி பாஸ் ஆனது. சான்றிதழைக் கொடுத்தவர், இந்த வயசு வண்டியில் இப்படி ஒரு ரீடிங் பார்த்ததில்லை என்றார். தணிகாசலம் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு அங்கேயே அழுதார்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் அரக்கோணம் போனார்.

புனிதவதி வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கார் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"வாங்க" என்றாள்.

"புனிதா, வண்டி பாஸ் ஆயிடுச்சு. இன்ஜினை நானே பிரிச்சேன்."

அவள் காரைப் பார்க்கவில்லை. அவர் கைகளைப் பார்த்தாள். "கையெல்லாம் என்ன இப்படி இருக்கு?"

அவர் சாவியை நீட்டினார். "நீதான் ஓட்டணும். வீடு வரைக்கும் நீதான். அன்னைக்கு நான் பண்ணினது தப்பு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள். எழுவதற்கு அவளுக்குச் சுவர் தேவைப்பட்டது. மெதுவாக நடந்து போய் வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். சாவியைப் போட்டாள். இடது காலைத் தூக்கி கிளட்ச் மேல் வைக்கப் பார்த்தாள்.

கால் பாதியிலேயே நின்றது. கையால் முட்டியைப் பிடித்துத் தூக்கி மறுபடி வைத்தாள். அழுத்தினாள். அவள் உதடு வெளுத்தது.

"முடியல" என்றாள். "ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகுது."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேன். பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

தெருவில் ஒரு பால் வண்டி போனது.

"பரவால்ல" என்றார் அவர். "நான் ஓட்டறேன். நீ வா."

புனிதவதி கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருக்குமா என்று அவர் தேடிப் பார்த்தார்.

"கீரைதான் இன்னைக்கு. சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

அவர் சாப்பிட்டார். அவள் பரிமாறினாள். இரண்டாவது தடவை சோறு போடும்போது "போதுமா?" என்று கேட்டாள். கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"பாத்துப் போங்க."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஷெட்டுக்கு வந்தார். மதியம் மூன்று மணி. தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. ரெஜினா ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, இடப்பக்க சீட்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

"வழியில எங்கயாவது நின்னுச்சா சார்?"

"இல்ல. எங்கயும் நிக்கல. ஒரு பொட்டுப் புகை இல்ல."

அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே பேசினார்.

"நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன். பிரிச்சேன், சுரண்டினேன், மாத்தினேன். கேட்க வேண்டிய மன்னிப்பையும் கேட்டேன். அவ சாப்பாடு போட்டு அனுப்பிட்டா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். இன்னும் எதை மாத்தணும்? சொல்லுங்க, மாத்திடறேன்."

"இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க. இறங்கி வாங்க" என்றாள் ரெஜினா.

அவர் வந்தார். அவள் வண்டியின் பின்னால் கூட்டிப் போனாள்.

"சைலன்சர்கிட்ட கையக் காட்டுங்க."

குனிந்து உள்ளங்கையைக் காட்டினார். வெதுவெதுப்பான காற்று பட்டது. லேசாக ஈரம். கை கறுக்கவில்லை.

"மோந்து பாருங்க. வாடை வருதா?"

"இல்ல."

"இதுல மாத்த இனிமே ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப ஏன் அவ வரல?"

ரெஜினா போய் இன்ஜினை நிறுத்தினாள். சாவியைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கன்வெர்ட்டர் இனிமே வர்ற புகையைத்தான் சுத்தம் பண்ணும்."

அவர் கேட்டார். "இதுக்கு முன்னாடி விட்டது?"

"அதை அப்பவே ஒருத்தங்க மூச்சா இழுத்துட்டாங்க சார்."