பாதியில் நின்ற கடிதம்

செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் போன காலம் அது. ஈரோட்டு நூல் மில்லில் டைப்பிஸ்ட் சம்பூர்ணம் சம்பளப் பட்டியலை அச்சடிக்கும்போதெல்லாம் புரோகிராம் பாதியில் படுத்துவிடும். அதை எழுதிய ரங்கபாஷ்யம் சென்னையிலிருந்து வந்தார். முதலாளி முன்னால் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டினார். ஒழுங்காக ஓடியது.

"கோளாறு புரோகிராம்ல இல்லை, இவ கையில. வேலைநீக்கக் கடிதம் சொல்றேன், நீயே டைப் பண்ணும்மா" என்றார் ரங்கபாஷ்யம். முதலாளி தலையாட்டியதும் கடிதத்தை மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினார்.

நாலாவது வரியில் சம்பூர்ணம் கையை எடுத்துவிட்டாள்.

"ஏன் நிறுத்தினே?"

"நீங்க நிறுத்தி நிறுத்திச் சொன்னா முழுசா அடிச்சிருவேன் சார். அந்த பிரிண்டருக்கும் இதே கஷ்டந்தான்."

முதலாளி சிரித்துவிட்டார். ரங்கபாஷ்யம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பிரிண்டருக்காகக் காத்திருக்கும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். அப்புறம் எத்தனையோ வருஷம் அந்த பிரிண்டர் கிறீச்சிட்டபடி எல்லாவற்றையும் முழுசாக அடித்தது, அந்தக் கடிதத்தைத் தவிர.