சக்கை என்ற பெயர் ஒழிந்த கதை

அந்தக் காலத்தில் மீனுக்கும் பேச்சு இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. கடலில் வாழும் உல்லம் மீன், முட்டையிடுவதற்காகக் கருமணியாற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். அதற்கு இழைத்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். முதலில், முகத்துவாரத்தில் வலை. அடுத்து, வலைக்குத் தப்பியவளுக்கு மடுவில் முதலை. அதற்கும் பிறகு, முட்டையிட்டு, பட்டினியால் தோலும் முள்ளுமாகத் திரும்பியவளுக்கு ஒரு பெயர்: சக்கை. முந்தைய இரண்டும் உயிரை மட்டும்தான் எடுத்தன.

வலையில் எது விழுந்தாலும் பெயர் சொல்லிக் கூவுவது அந்தக் கரையின் வழக்கம். கூவுகிறவன் மருதையன். மெலிந்த உல்லம் விழுந்தால், "சக்கை!" என்று கூவிச் சுடுமணலில் வீசுவான். ஆற்றில் விட்டால் அடுத்த ஆண்டும் சினையோடு வருமே என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

பல முறை ஆறு ஏறிய வடுவாச்சி என்ற உல்லமும் ஒருநாள் அப்படி மணலில் விழுந்தாள். கொக்கு ஒன்று வந்து எட்டிப் பார்த்தது.

"சீ, கொத்தினால் அலகுதான் வலிக்கும். இந்தக் கோலத்தில் கடலுக்குப் போய் யாருக்குக் காட்டப் போகிறாய், தாயி?"

"தினம் நீ விழுங்குகிற குஞ்செல்லாம் யார் போட்ட முட்டையடா?"

வடுவாச்சி துள்ளித் துள்ளித் தண்ணீரில் விழுந்து கடல் சேர்ந்தாள். அங்கே சினையோடு கூடி நின்ற கூட்டத்திடம் சொன்னாள்: "இனி ஒருத்தியும் கருமணியாற்றில் ஏறக் கூடாது."

"வயிறு கனக்குதே, அக்கா!" என்றாள் ஓர் இளையவள்.

"வேறு ஆறு இருக்கிறது. தொலைவுதான். வழியில் சிலர் சாவோம். சக்கையாகச் சாவதற்கு அது மேல்."

ஒருத்தியும் ஏறவில்லை. வலையில் வெறும் பாசி வந்தது. மடுவில் முதலை பிளந்த வாயை மூடாமல் கிடந்தது. கொக்கு கால் மாற்றி மாற்றி நின்றது. அடுத்த ஆண்டும் அப்படியே போனது. கடைசியில் மருதையன் முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கெஞ்சினான்.

"என்ன வேணும், ஆத்தா? வலையை எடுத்துடவா?"

வடுவாச்சி நீருக்கு மேல் தலை நீட்டினாள். "வலை உன் பிழைப்பு. பல்லு முதலையின் பிழைப்பு. அதுகளோடு நாங்கள் மோதிக்கொள்கிறோம். அந்தப் பேரை எடு. ஈன்று திரும்புகிறவளை ஈன்றாள் என்று கூவு. கூவிவிட்டுக் கையால் ஆற்றில் இறக்கு. எல்லாரும் கேட்க, இப்பவே."

"முதலையுமா?"

"அதுதான் முன்னால் வந்து கேட்கணும்."

முதலை வந்தது. கொக்கு வந்தது. கரை சனம் மொத்தமும் வந்தது. மருதையன் வடுவாச்சியை இரு கையாலும் ஏந்தித் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவளுக்குப் பின்னால், கடலிலிருந்து வெள்ளி வெள்ளியாய்க் கூட்டம் ஆற்றுக்குள் திரும்பியது.

அன்று அவன் கூவியதுதான் இன்றும் அந்தக் கரையில் கேட்கிறது: மெலிந்த உல்லம் வலையில் விழுந்தால், நிற்பவர்களைச் சாட்சிக்கு அழைத்து, கையில் ஏந்தி, தண்ணீரில் விடுமுன் உரக்கக் கூவுகிறார்கள், "ஈன்றாள்!"