இருபத்தாறாவது அடி

மலையடியில் இருந்த ஒரு மடத்தில் நான்கு நாய்கள் சண்டையின்றிக் கிடந்தன. ஐந்தாவதாகக் கருவாயன் வந்தது.

கொண்டுவந்தவர் தில்லைநாயகம். அறுபத்திரண்டு வயது, லாரி ஓட்டி ஓய்ந்தவர். மடத்துக் குருவம்மா அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் தில்லைநாயகம் கைகட்டித்தான் நிற்பார்.

சாலையோரப் பள்ளத்தில் மூன்று நாய்கள் கடித்துக் குதறிப் போட்டிருந்த கருவாயனைத் தில்லைநாயகம் மடியில் வைத்துத் தூக்கி வந்தார். காயம் ஆறியது. ஆனால் எந்த நாயைக் கண்டாலும் பாய்ந்தது. மடத்துக் கிழநாய் சாம்பலின் காதைக் கிழித்தது. நான்கு தையல்.

"பத்து நாள் பாருங்க ஐயா," என்றார் குருவம்மா. "பழகலேன்னா கல்குவாரிக்காரர் காவலுக்குக் கேக்குறார், கொடுத்துடலாம்."

"அங்கே ஆயுசுக்கும் சங்கிலிதானே அம்மா?"

"ஆமா."

"செத்துப்போகும்."

"சாம்பலும் சாகக்கூடாது இல்லையா?"

பழக்கும் முறையைக் குருவம்மாவே சொன்னார். மடத்து மைதானத்தின் ஒரு கோடியில் சமையற்கார மாடத்தி சாம்பலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மறு கோடியிலிருந்து, அறுபது அடி தள்ளி, கருவாயனோடு தில்லைநாயகம் வர வேண்டும். சாம்பலைப் பார்த்தும் கருவாயன் சும்மா இருந்தால் ஒரு துண்டு ஈரல், ஓர் அடி முன்னால். உடம்பு விறைத்தால் திரும்பிவிட வேண்டும்.

ஒன்பது நாளும் முப்பது அடி வரை நன்றாகவே வந்தது. இருபத்தாறில் பாய்ந்தது. ஒரு நாள்கூடக் கணக்குத் தப்பவில்லை.

"நாய் பாயுறதுக்கு முந்தி உம்ம முகம் பாயுதே ஐயா!" என்று மாடத்தி அங்கிருந்து கத்தினாள். தில்லைநாயகம் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் குருவம்மா கூடவே நடந்தார்.

நாற்பது. ஈரல் தின்றது. முப்பத்தைந்து. தின்றது. முப்பதில் தில்லைநாயகம் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். அவர் உதடு அசையத் தொடங்கியது. இருபத்தெட்டில் கருவாயன் ஈரலை மோந்துகூடப் பார்க்கவில்லை.

இருபத்தாறில் பாய்ந்தது. தில்லைநாயகம் முழங்கால் தரையில் இடிபட விழுந்தார். கயிறு கையை அறுத்தது. விடவில்லை. மாடத்தி சாம்பலை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

தில்லைநாயகம் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சுது அம்மா. குவாரிக்காரரை வரச் சொல்லிடுங்க."

"உக்காருங்க. அது படுக்கட்டும்."

அரை மணி நேரம் ஆனது. கருவாயன் முன்னங்கால்மேல் தலையை வைத்துக் கண்ணை மூடியது.

"மைதானத்துல வேற நாய் இருக்கா ஐயா?"

"இல்லை."

"வர்ற வழியில வாய்க்குள்ள ஒண்ணு சொன்னீங்களே, அதை இப்போ சொல்லுங்க."

தில்லைநாயகம் கூசினார். "நீங்க கொடுத்த மந்திரம்தான் அம்மா. பயம் வந்தா சொல்லுவேன். எனக்கும் அடங்கும், அதுக்கும் அடங்கும்னு..."

"சொல்லுங்க."

மெல்லச் சொன்னார். கருவாயன் கண் திறந்தது.

மறுபடி சொன்னார். எழுந்து நின்றது.

மூன்றாம் முறை அதன் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால்வரை குத்திட்டது. பல்லைக் காட்டி உறுமிக்கொண்டே, காலி மைதானத்தில் அது நாயைத் தேடியது.

தில்லைநாயகத்தின் குரல் அப்படியே நின்றது.

"நாய் வருதுன்னு நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கேனா?"

குருவம்மா தலையை ஆட்டினார்.

"குவாரிக்காரர்?"

"இன்னும் பத்து நாள் கேட்டுப் பாக்குறேன். அதுக்கு மேல அவர் பொறுக்கமாட்டார்."

"அப்போ மந்திரத்தை விட்டுடட்டுமா அம்மா?"

"விடவேண்டாம். நாய் எதுவும் கண்ணுல படாத நேரமாப் பாத்து அதுக்குச் சோறு வைங்க. வைக்கும்போது சொல்லுங்க."

"எத்தனை நாள்?"

"அதைக் கேட்டதும் அது வாலாட்டுற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"நீங்களும் பயம் வந்தா மட்டும்தானே அதைச் சொல்றீங்க? நீங்க சாப்பிட உக்காரும்போதும் சொல்லிப் பாருங்க."