செங்கோடன் பாக்காத ஆட்டம்

ஒரு ஊர்ல ஒரு லாரி டிரைவர் இருந்தார். ஊரு நாமக்கல், பேரு செங்கோடன். அவருக்கு ஒரே பொண்ணு, மலர்க்கொடி. அவ இறகுப்பந்து ஆடுவா. வெள்ளை வெளேர்னு இறகு வச்ச பந்து, மட்டையால தட்டினா 'டப்'னு பறக்கும். கேக்குறியா தங்கம்?

"ம்."

செங்கோடனுக்கு எல்லாத்துக்கும் சகுனம் பாக்கணும். எலுமிச்சம்பழத்தை எடுத்து 'ஃபூ'ன்னு ஊதி, சக்கரத்துக்கு அடியில வச்சு நசுக்கினாத்தான் வண்டி நகரும்.

மலர்க்கொடி பள்ளிக்கூடத்துல ஆடினப்போ அவர் போய்ப் பாத்தார். தோத்துட்டா. அப்புறம் சேலத்துல ஆடினா. தூணுக்குப் பின்னால நின்னு அரைக்கண்ணால பாத்தார். தோத்துட்டா. அப்புறம் திருச்சியில. லாரி மேல ஏறி, ஜன்னல் வழியா எட்டிப் பாத்தார். 'தொப்'புன்னு பந்து வலையில விழுந்துச்சு.

"என் கண்ணுதான் உனக்கு ஆகலை சாமி. இனிமே பாக்க மாட்டேன்."

"அந்த மூணு பேரும் என்னைவிட நல்லா ஆடினாங்கப்பா!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

அப்புறம் அவ ஜெயிக்க ஆரம்பிச்சா. அவர் வெளியவே, சுவத்துல காதை வச்சுக்கிட்டு நிப்பார். 'படார்'னா ஓங்கி அடிக்கிறா. 'டுக்'னா வலையோரம் மெல்லத் தட்டுறா. 'கீச் கீச்'சுன்னா ஓடுறா. அப்புறம் இந்தியாவுக்காக வெளிநாடெல்லாம் போனா. தெருவே டிவி முன்னால உக்காந்திருக்கும், இவர் மட்டும் லாரிக்குள்ள. பொண்டாட்டி ஓடி வந்து, "ஏனுங்க, ஜெயிச்சுட்டா!"ன்னு சொன்னப்புறம்தான் 'பாம் பாம்'னு ஹாரன் அடிப்பார்.

"மலர்க்கொடிக்கு சந்தோஷமா?"

சந்தோஷந்தான். ஆனா ஊரே பாத்த ஆட்டத்தை அப்பா பாக்கலையே! ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவா. அவர் வர மாட்டார்.

அப்படியே வருஷம் ஓடிச்சு. ஒரு நாள் மலர்க்கொடி முழங்கால்ல 'கடக்'னு ஒரு சத்தம். டாக்டர், "போதும்மா, நிறுத்திக்கோ"ன்னுட்டார். "ஒரே ஒரு ஆட்டம்"னு கெஞ்சி, சென்னைக்கு வந்தா. வாசல்ல அப்பா நிக்கிறார்.

"உள்ள வாங்கப்பா."

"வந்தா தோத்துடுவியே கண்ணு. கடைசி ஆட்டம்!"

"அதான்பா. இதுக்கப்புறம் நீங்க பாக்கணும்னு நினைச்சாலும் ஆட்டம் இருக்காது."

சரின்னு தலையாட்டினார். உள்ள போய் முன்வரிசையில உக்காந்தார்.

முதல் செட்டு அவ ஜெயிச்சா, ரெண்டாவது தோத்தா. மூணாவதுல பதினோரு பாயிண்ட் வந்ததும் ரெண்டு பேரும் பக்கம் மாறணும். அப்போ மலர்க்கொடி அப்பா பக்கத்துக்கு வந்தா. பாத்தா, அவர் கண்ணை இறுக்கி மூடிட்டு, கையில எலுமிச்சம்பழத்தோட உக்காந்திருக்கார்!

"அப்பா! கண்ணைத் திறங்க!"

"நீதான் முன்னால இருக்க. கெடுத்துக்காத சாமி."

"திறங்கப்பா."

ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொண்ணு.

அடேயப்பா! வலிக்கிற காலோட அவ மீன் மாதிரி திரும்புறா. பந்து விளக்கு வெளிச்சத்துல ஒரு நிமிஷம் தூங்கிட்டு அப்புறம் இறங்குது. இதெல்லாம் சுவத்துக்கு வெளிய எங்க கேட்டுச்சு? அப்புறம் இன்னொண்ணும் பாத்தார். ஒவ்வொரு தடவை பந்தைப் போடும்போதும் அவ அதை வாய்கிட்ட கொண்டுபோய்...

"'ஃபூ'ன்னு ஊதினா!"

ஆமா! அப்பா எலுமிச்சம்பழத்தை ஊதுற மாதிரியே. "அட, எம்புள்ள!"ன்னு சிரிச்சுட்டே அழுதார்.

கடைசியில, தோத்துட்டா.

செங்கோடன் தலையில கை வச்சுக்கிட்டார். எல்லாம் நம்ம கண்ணாலதான்! மலர்க்கொடி நொண்டி நொண்டிக் கிட்ட வந்தா.

"பாத்தீங்களாப்பா? எப்படி இருந்துச்சு?"

அவர் எலுமிச்சம்பழத்தைப் பாத்தார். பொண்ணு முகத்தைப் பாத்தார். அவ சிரிச்சுட்டு இருந்தா.

"இன்னொண்ணு ஆடேன் சாமி."

இப்போ தினமும் சாயங்காலம் ரெண்டு லாரிக்கு நடுவுல கயிறு கட்டி, அப்பாவும் பொண்ணும் கால் வலிக்காம மெல்ல ஆடுறாங்க. டப்... டுக்... டப். எலுமிச்சம்பழம் ஜூஸுக்குப் போயிடுது. அவர் கண்ணை ஒரு தடவை கூட மூடுறதில்ல.

"ம்..."

பந்து டப்பாவுக்குள்ள போயாச்சு, மட்டை உறைக்குள்ள போயாச்சு, கதையும் வீட்டுக்குப் போயாச்சு. நீ கண்ணை மூடிக்கோ தங்கம்.