எருமை முதுகில் இருபது காவல்காரர்கள்

காட்டோரக் குளத்தில் பூவாத்தாள் என்ற எருமை இருந்தது. அதன் முதுகில் இருபது மைனாக்கள் உட்கார்ந்திருக்கும். தோலில் ஏறும் உண்ணிகளைக் கொத்தித் தின்பது அவற்றின் வேலை. எருமைக்குச் சுகம், மைனாக்களுக்குச் சாப்பாடு.

மைனாக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்று "உண்ணி!" என்று கத்தினால், மற்றவை எல்லாம் அந்த இடத்தைக் கொத்தியே ஆகவேண்டும். குனிந்து பார்த்துவிட்டுக் கொத்துவது கூட்டத்தையே சந்தேகப்படுவதாம். முதலில் கத்திய மைனா அன்று முழுக்கக் கொம்புகளுக்கு நடுவே உட்காரலாம். இப்படி ஒரு மரியாதையை வைத்துவிட்டால் யார்தான் கத்தாமல் இருப்பார்கள்?

அந்தக் கோடையில் குளம் வற்றியது. எருமையின் மேல் எப்போதும் பூசியிருந்த சேறு உதிர்ந்தது. தோல் வெடித்தது. வெடிப்புகளில் கருவேலம்பூவின் மஞ்சள் தூள் வந்து ஒட்டியது. கொம்பு இடத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்த வீராயன் என்ற மைனா அதைப் பார்த்ததும் "உண்ணி!" என்று கத்தியது. இருபதும் கொத்தின. ரத்தம் கசிந்தது. ரத்தத்தைக் கண்டதும் மைனாக்களுக்குப் பயம் கூடியது, கத்தலும் கூடியது.

எருமைக்கு அரிப்புத் தாங்கவில்லை. பனைமரத்தில் முதுகைத் தேய்த்தது. தேய்க்கத் தேய்க்கத் தோல் பிய்ந்தது, பிய்ந்த இடத்தில் இன்னும் தூள் ஒட்டியது. மைனாக்களுக்கோ பார்த்த இடமெல்லாம் உண்ணியாகத் தெரிந்தது.

செவந்தி என்ற மைனா மட்டும் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டது.

"இது வெறும் பூத்தூளுங்க. ஊதுனாப் போயிரும். நாமதான் ஆத்தா தோலைக் கிழிச்சுட்டு இருக்கறோம்" என்றது.

"உண்ணிக்கு வக்காலத்து வாங்கறியா நீ?" என்று கேட்டது வீராயன்.

கேள்விக்குப் பதில் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. செவந்தியைக் கொத்தித் துரத்தின. நிஜ உண்ணிகள் காதுப் பக்கம் ஏறுவதாகவும், அங்கே காவலே இல்லை என்றும் அது பறந்துகொண்டே சொன்னது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எருமை கெஞ்சியது. "ஒரே ஒரு நாள் சும்மா இருங்க சாமி. தோல் ஆறட்டும்."

"ஒரு நாள் விட்டா உண்ணி உன்னைத் தின்னுரும் ஆத்தா. உனக்காகத்தானே நாங்க உயிரைக் கொடுத்து உழைக்கறோம்" என்றது வீராயன்.

அது பொய்யில்லை, மனதாரத்தான் சொன்னது. எனக்கு வயிறு எரிவதும் அதனால்தான். கெட்ட எண்ணத்தோடு கொத்தியிருந்தால் எருமை வாலால் அடித்து விரட்டியிருக்கலாம்.

மலையடியில் வற்றாத சதுப்பு ஒன்று இருந்தது. சேறு பூசிக்கொண்டால் பிழைத்துவிடலாம் என்று எருமை தள்ளாடித் தள்ளாடி அங்கே போய்ச் சேர்ந்தது. புரண்டு எழுந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு முதுகு குளிர்ந்தது, கண்ணை மூடிக்கொண்டது. மைனாக்கள் பதறிப்போயின. சேற்றுக்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும் என்று சொல்லி, பூசப் பூச ஒட்டிய சேற்றையெல்லாம் கொத்தி எடுத்தன. புண்ணோடு சேர்த்துத்தான் எடுத்தன.

மூன்றாம் நாள் எருமை எழுந்திருக்கவில்லை. இரண்டு காதுகளிலும் உண்ணிகள் ஆமணக்கு விதை மாதிரி பருத்துத் தொங்கின.

மைனாக்கள் அழுதன. எல்லாம் அந்தச் செவந்தியால் வந்தது என்று பேசிக்கொண்டன. அப்போது காற்றடித்து, செத்த எருமையின் முதுகில் ஒரு கருவேலம்பூ விழுந்தது.

"உண்ணி!" என்று கத்தியது வீராயன். எல்லாம் கொத்தின. அது பறந்துபோய்க் கொம்புகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது.

எது பகை என்று குனிந்து பார்க்காத காவல், தான் காக்க வந்த உடம்பையே கொன்றுவிடும்.