இரண்டாம் முறை அழுத்தினால்

“ஏனுங்க மேடம், நாப்பது வரியில முப்பத்தொம்பது சரியா வந்துருச்சு. ஒரே ஒரு வரிக்காக லோடு ஏத்துன வண்டிய நிறுத்தி வெச்சிருக்கீங்களே, இது நாயமுங்களா?”

நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் பக்கத்து அறை அமைதியாகிவிட்டது.

கோயம்புத்தூரில் அந்தக் கம்பெனி, நோயாளியின் ரத்தக்குழாயில் மருந்தை அளவாகச் செலுத்தும் கருவி செய்கிறது. அதற்குள் ஓடும் கணினி நிரல் நாச்சிமுத்து எழுதியது. கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் வரிக்கு ஒன்றாகச் சமன்பாடுகளாக எழுத வேண்டும். நிரல் ஒவ்வொன்றுக்கும் கட்டுப்படுகிறது என்று நிறுவிய பிறகுதான் கருவி வெளியே போகும். இது, எதிரே உட்கார்ந்திருந்த தலைமைச் சரிபார்ப்பாளர் நஸ்ரீன் வைத்த சட்டம்.

சனிக்கிழமைதோறும் அவரிடம் உட்கார்ந்துதான் நாச்சிமுத்து இந்த முறையைக் கற்றுக்கொண்டார். நஸ்ரீன் அவரைவிடப் பதினாறு வயது சின்னவர்.

“எந்த வரி சார்?”

தெரியாமலா கேட்டார்? தெரிந்துதான் கேட்டார். நாச்சிமுத்துவுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. தாளை மேசையில் அடித்து வைத்தார்.

நிறுத்து, மறுபடி நிறுத்து = நிறுத்து.

“இதையெல்லாம் ஒரு வரின்னு எழுதி வெச்சிருக்கீங்க! நின்னுபோனதை எவனாச்சும் மறுபடி நிறுத்துவானா? இருக்கறது ஒரே செவப்புப் பொத்தான். ஒருக்கா அழுத்துனா நிக்கும். இன்னொருக்கா அழுத்துனா ஓடும். டிவி ரிமோட்டு அப்படித்தானுங்களே இருக்குது? நானூறு டெஸ்ட்டு போட்டாச்சு. நானூறும் பாஸு.”

“நானூறுலயும் நிறுத்தறதுக்கு எத்தனை தடவை அழுத்துனீங்க?”

“ஒருக்காதான். ஒருக்கா போதுமே!”

நஸ்ரீன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்த வரிய அடிச்சுப்போடுங்க மேடம். நாளைக்குக் காலைல கொழந்தைங்க வார்டுல இருபது மெஷினும் ஓடியாகணும். டாக்டருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கறேன்.”

“சரி.”

நஸ்ரீன் பேனாவை எடுத்து நாற்பதாவது வரியின் மேல் ஒரு கோடு போட்டார்.

நாச்சிமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. இன்னும் கால்மணி நேரத்துக்குச் சண்டை போடத் தயாராக வந்திருந்தார்.

“நாம அடிச்சது நர்சுக்குத் தெரியணுமில்ல?” நஸ்ரீன் ஒரு வெள்ளை ஸ்டிக்கரை நீட்டினார். “மெஷின் என்ன பண்ணும்னு தமிழ்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இருபதுலயும் ஒட்டி அனுப்பிடலாம்.”

“இதென்னுங்க பிரமாதம்!”

வெடுக்கென்று வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதினார்.

‘குழந்தைக்கு மூச்சுத் திணறினால் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தி மருந்தை நிறுத்தவும். பதற்றத்தில் இரண்டு முறை அழுத்திவிட்டால் மருந்து’

“ம்… மருந்து?”

பேனா அங்கேயே நின்றது.

“மை தீந்துபோச்சா சார்?”

நாச்சிமுத்து எழுந்தார். ஜன்னலை அறைந்து திறந்தார். கீழே நின்ற வண்டிக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

“ஏப்பா, இன்னும் எதுக்கு லோடோட நிக்கறீங்க? எறக்குங்க அத்தனையும்!”