மூணு கல்லு அடுப்பு

ஒரு ராஜா இருந்தாரு. பேரெல்லாம் கேக்காதீங்க. ராஜான்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பாரு, நமக்கு அது போதும்.

அவரு நாட்டுல ஆரலேரின்னு ஒரு ஏரி. கரையில புதுசாக் குடியேறின மூணே குடும்பம். மேல கொம்பையன், நடுவுல சடையன், கடைசியில புருசனை இழந்த வெள்ளச்சி.

ஒரு வருசம் மழை ஏமாத்திருச்சு. ஏரியில பாதித் தண்ணிதான். மதகு யார் கையிலயோ அவங்க பயிருதான் பிழைக்கும்னு ஆயிப்போச்சு.

“நான்தான் முதல்ல வந்தேன், மதகு எனக்கு”ன்னான் கொம்பையன்.

“உனக்கு வழி காட்டினதே நான்தானடா”ன்னான் சடையன்.

வெள்ளச்சியோட நாத்து மஞ்சளாகி நின்னுச்சு.

வழக்கு ராஜாகிட்ட போச்சு. “வந்த அன்னைக்கு ஏரிக்கரையில என்னத்தைப் பாத்தீங்க?”ன்னு கேட்டாரு.

“வெறும் தண்ணிதான் ராஜா. ஒரு காக்கா கூட இல்ல”ன்னான் கொம்பையன்.

“காக்காவா? நான் வந்தப்ப ஒரு ஈ கூட இல்ல”ன்னான் சடையன்.

“கரி புடிச்ச மூணு கல்லு இருந்துச்சு சாமி”ன்னா வெள்ளச்சி. “யாரோ முன்னாடியே வந்து பொங்கித் தின்னுருக்காங்க. அதுலதான் நானும் கஞ்சி வச்சேன்.”

கொம்பையன் கையைத் தட்டினான். “முதல்ல வரலைன்னு அவளே சொல்லிட்டா! ஆளைக் கழிச்சிருங்க ராஜா!”

“சரி, அந்த அடுப்பு யாரோடதோ அவன்தான் முதல் ஆளு”ன்னாரு ராஜா.

ஈ காக்கா இல்லாத இடத்துல இப்ப ரெண்டு அடுப்புக்காரன்! “என்னுது!” “இல்ல, என்னுது!”

“அடுப்பை விட்டுக் கிளம்பறப்ப என்னப்பா வச்சுட்டுப் போனீங்க?”ன்னாரு ராஜா.

“வைக்கிறதா? சாம்பலைக் கூட அள்ளி என் வயல்ல போட்டுட்டேனே!”ன்னான் கொம்பையன்.

“கல்லு சுட்டுச்சு ராஜா, இல்லாட்டி அதையும் தூக்கியிருப்பேன்”ன்னான் சடையன்.

ராஜா வெள்ளச்சியைப் பாத்தாரு.

“உடைஞ்ச சட்டிக்கு அடியில, நனையாம ஒரு பிடி சுள்ளி இருந்துச்சு சாமி. அதை எரிச்சுட்டேன். போறப்ப வேற சுள்ளி ஒடிச்சு அங்கேயே வச்சேன். பின்னால வர்றவங்களுக்கு வேணுமில்ல?”

“மதகை அவகிட்ட குடுங்க”ன்னாரு ராஜா.

“அவ முதல் ஆளு இல்லையே!”ன்னாங்க ரெண்டு பேரும்.

“நீங்களும் இல்ல. முதல் ஆளு சுள்ளி வச்சவன். அவன் போயிட்டான். அவன் புத்தி இவகிட்டதான் இருக்கு.”

வெள்ளச்சி மதகைத் திறந்தா. கொம்பையன் வயலுக்கு விட்டா, சடையன் வயலுக்கு விட்டா, கடைசியா தன் நாத்துக்கு விட்டா. மூணு வயல்லயும் பாதி பாதி விளைஞ்சுது. யாரும் பட்டினி கிடக்கல.

கொம்பையன் மட்டும் சாகிற வரைக்கும் தான்தான் முதல் ஆளுன்னு சொல்லிட்டே திரிஞ்சான். சொல்லிட்டுப் போறான், வயிறு நிறைஞ்ச மனுசன்.

ஆகவே மக்களே, பின்னால வர்றவனுக்கு மிச்சம் வைக்கிறவங்க கையிலதான் ஊர்ப் பொதுச் சொத்தை நம்பிக் குடுக்கலாம்.